மலைநாட்டு வீதிகளில் தடப்பள்ளத்தைக் கணித்தல்: முதன்முறையாக மாதிரியுரு அமைப்போருக்கான வழிகாட்டி

மழை விட்ட ஒரு பிற்பகலில், காபட் இட்ட மலைவீதியொன்றின் ஏறும் பக்கத்தில் நின்று பாருங்கள். சக்கரங்கள் போகும் இரண்டு தடங்களிலும் தண்ணீர் நீளமாகத் தேங்கி நிற்கும். தடத்தின் இரு ஓரங்களிலும் தார்க் கலவை வயல் வரம்பு போல மேலெழுந்திருக்கும். பாரம் நீங்கிய பின்னும் திரும்பி வராத இந்த மாற்றத்தையே நிரந்தர உருத்திரிபு என்கிறோம். தேங்கிய நீரில் மோட்டார் சைக்கிள் வழுக்குகிறது. வளைவில் திருப்பும்போது பஸ்ஸின் சக்கரம் தடத்தை விட்டு இலகுவில் வெளியே வருவதில்லை. ஒரு பக்கம் பள்ளத்தாக்கு இருக்கும் வீதிகளில் இது எவ்வளவு பாரதூரமானது என்பதை இங்கு பயணம் செய்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தடப்பள்ளம் எனப்படும் அந்தப் பள்ளம் எத்தனை வருடத்தில் எவ்வளவு ஆழமாகும் என்பதைக் கணிக்க முதன்முறையாக முயலும் இறுதியாண்டு மாணவர்களுக்கும், பட்டப்பின் மாணவர்களுக்கும், ஒப்பந்தகாரர்களின் ஆய்வகங்களில் பணியாற்றும் இளம் பொறியியலாளர்களுக்கும் இதை எழுதுகிறேன். எனக்கு அருகில் இருந்து சொல்லித்தர எவரும் இருக்கவில்லை. 6 மாதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 14 மாதங்கள் சென்றன. பிழையான தடிப்பில் எடுத்த கோர்கள் (வீதியைத் துளைத்தெடுக்கும் உருளைத் துண்டுகள்), சமவெளிக்குரிய வெப்பநிலை, பிழையான அலகு ஆகிய மூன்றுமே அந்தக் காலத்தில் பெரும்பகுதியைத் தின்றன. கணிதத்தில் சிக்கிக்கொண்ட நாட்களோ மிகச் சில. ஆகையால் கீழே உள்ள படிகளில் சமன்பாடுகளை விட, சமன்பாட்டுக்குள் நீங்கள் இடும் எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

1. பள்ளம் எந்தப் படையில் பிறந்தது என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

அஸ்பால்ட் கலவைக்குக் கணித மாதிரியுரு அமைத்துவிட்டு, பள்ளம் உண்மையில் அடிமண்ணில் உண்டானது என்று பின்னர் அறிவது மிகவும் துயரமான அனுபவம். 2 மீற்றர் நீளமான நேர்க்கோலை வீதிக்குக் குறுக்காக வைத்து, அளவு பொறித்த ஆப்பை அதன் கீழே தள்ளி, இரண்டு சக்கரத் தடங்களிலும் 10 மீற்றருக்கு ஒரு தடவை ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆழத்தோடு வடிவத்தையும் வரைந்து வையுங்கள். பள்ளம் ஒடுக்கமாக இருந்து, அதன் ஓரங்களில் வரம்பு எழுந்திருந்தால், கலவை வெட்டுத் தகைப்பினால் பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது என்று பொருள். பள்ளம் அகலமாக, தட்டையாக, வரம்பு இல்லாமல் இருந்தால் அஸ்பால்ட்டுக்குக் கீழே இறுக்கிய கல் படையையோ (ஏபிசி) அடிமண்ணையோ சந்தேகிக்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்ப்பதற்குக் குறுக்காக மூன்று கோர்கள் எடுங்கள்: சக்கரத் தடத்தில் ஒன்று, இரண்டு தடங்களுக்கும் நடுவில் ஒன்று, எழுந்த வரம்பில் ஒன்று. மூன்றிலும் அஸ்பால்ட்டின் தடிப்பு ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், பிழை கீழ்ப் படைகளில் உள்ளது. தடத்தில் மெலிந்து வரம்பில் தடித்திருந்தால், பிழை கலவையில் உள்ளது. தடத்துக் கோரின் வளி வெற்றிடத்தை, அதாவது கலவைக்குள் காற்று நிற்கும் இடைவெளியின் பங்கை, அளந்து பாருங்கள். அது 3 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், கலவை பிசைந்த மாவைப் போல நகரத் தொடங்கும் நிலையை எட்டிவிட்டது என்று கொள்ளலாம்.

நான் எடுத்த கோர்களில் ஒன்றை நெடுக்காக அறுத்து, கழுவி, வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கீழ்ப் பாதியில் கற்கள் ஒன்றோடொன்று முட்டி நின்றன. மேல் 15 மி.மீ. அளவில் அவை ஒன்றையொன்று தொடாமல், பளபளக்கும் கறுப்பு மசைக்குள் மிதப்பது போல் கிடந்தன. தட்டையான கற்கள் அனைத்தும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. கலவை எந்தத் திசையில் வழிந்தது என்பதை அந்த ஓர் அறுப்பு காட்டியது. இதற்கு அரை நாளும் ஓர் அறுக்கும் தகடும் போதும். கட்டாயம் செய்யுங்கள்.

கோர் கையோடு உதிர்ந்து, கற்களைப் பிணைக்கும் பிற்றுமின் அவற்றில் ஒட்டாமல் வெண்மையாகத் தெரிந்தால், அது நீரினால் உண்டான பிரிவு. நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில் இதற்கும் தடப்பள்ளத்துக்கும் வேறுபாடு தெரியாமல் மயங்குவது எளிது. அங்கு முதலில் தீர்க்க வேண்டியது கல்லுக்கும் பிற்றுமினுக்கும் உள்ள ஒட்டுதல். உருத்திரிபு மாதிரியுரு அதற்கு விடை தராது.

2. கடிதங்களை ஆய்வகத்துக்கு முன்பே தொடங்குங்கள்

ஏ, பி வகுப்பு வீதிகளுக்கு வீதி அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதியும், சி, டி வகுப்பு வீதிகளுக்கு மாகாண வீதி நிர்வாகத்தின் அனுமதியும் தேவை. அதற்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் பிரதேச சபைக்கோ தோட்ட நிர்வாகத்துக்கோ உரியவை. ஒரே ஏற்றத்தில் பிரதான வீதியும் தோட்டத்துக் கிளைவீதியும் சேர்ந்து வந்தால் இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தோடு இவற்றைச் சேர்த்துக் கொடுங்கள்: பீடத்தின் அல்லது நிறுவனத்தின் கடிதத் தலைப்பில் மேற்பார்வையாளர் ஒப்பமிட்ட கடிதம், கிலோமீற்றர் கல் இலக்கத்துடன் கூடிய இட வரைபடம், கோர்களின் எண்ணிக்கை, விட்டம், ஆழம், துளைகளை எந்தப் பொருளால், எத்தனை மணித்தியாலத்துக்குள் மூடுவீர்கள் என்ற விளக்கம், வாகனங்களை எப்படித் திருப்பிவிடுவீர்கள் என்ற திட்டம், தளத்தில் பொறுப்பாக நிற்பவரின் அடையாள அட்டைப் பிரதி. துளை மூடும் விளக்கம் இல்லாத காரணத்தினாலேயே எனது முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதனால் ஒரு மாதம் வீணாயிற்று. அனுமதி கிடைத்ததும் அதன் பிரதியொன்றை உரிய பொலிஸ் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தை வாங்கி வையுங்கள்.

கடிதத்தைத் தமிழில் எழுதும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் கோப்பு ஒரு மேசையில் நிற்காமல் பல மேசைகளுக்குப் போகும் என்பதால், சிங்களப் பிரதியையோ ஆங்கிலப் பிரதியையோ இணைத்துவிடுவது காலத்தை மிச்சப்படுத்தும். இரண்டிலும் இலக்கங்களும் இடப்பெயர்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

அதே வாரத்தில் மேலும் இரண்டு கடிதங்களை அனுப்புங்கள். ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு: உங்கள் இடத்துக்கு அண்மிய நிலையத்தின் நாளாந்த உச்ச, தாழ் வெப்பநிலைகள் வேண்டும் என்று காலப்பகுதியைக் குறிப்பிட்டுக் கேளுங்கள், மாணவராயின் கட்டணச் சலுகை உண்டா என்பதையும் அதிலேயே கேளுங்கள். மற்றையது, கலவையை இட்ட ஒப்பந்தகாரருக்கு: ஜொப் மிக்ஸ் விவரம், அதாவது கற்களின் பருமன் வாரியான பங்கு (தரப்படுத்தல்), பிற்றுமின் அளவு, மார்ஷல் என்னும் நசுக்குச் சோதனையின் பெறுபேறுகள் வேண்டும். அது அவர்களின் சொத்து; தர மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். கோரிலிருந்து பிற்றுமினைக் கரைத்தெடுத்து, எஞ்சிய கல்லை அரித்துப் பார்த்தால் அளவும் தரப்படுத்தலும் கிடைத்துவிடும். அதற்கு மேலதிக கோர்கள் தேவை என்பதால், அனுமதி கேட்கும்போதே எண்ணிக்கையைக் கூட்டிக் கேளுங்கள்.

அனுமதிக்கு 6 வாரம் ஒதுக்குங்கள். மேற்குச் சரிவில் கோர் எடுப்பதற்குப் பெப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட நாட்களே ஏற்றவை. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் துளையை உலர்த்தி மூடுவதே பெரும்பாடாகிவிடும். ஆகவே கடிதங்கள் டிசம்பரில் போய்ச் சேர வேண்டும்.

3. வெப்பநிலையையும் வேகத்தையும் உங்கள் மலையிலிருந்தே எடுங்கள்

இந்தப் படியில்தான் மலைநாட்டு வேலை மற்ற இடங்களிலிருந்து வேறுபடுகிறது. பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதி, ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் செல்கிறது. ஒரே வீதி இலக்கம், ஒரே கலவை, ஆனால் வெப்பநிலை ஒன்றல்ல.

வீதித் தளத்தின் வெப்பநிலைக்கு, சுப்பர்பேவ் என்னும் அமெரிக்கக் கலவை வடிவமைப்பு முறையில் உள்ள எளிய தொடர்பைப் பயன்படுத்தலாம். வருடத்தில் மிகவும் வெப்பமான, தொடர்ச்சியான 7 நாட்களின் உச்ச வளி வெப்பநிலைச் சராசரியை எடுங்கள். அதிலிருந்து அகலாங்கின் வர்க்கத்தை 0.00618 ஆல் பெருக்கிக் கழியுங்கள், அகலாங்கை 0.2289 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள், 42.2 ஐக் கூட்டுங்கள்; வந்த தொகையை 0.9545 ஆல் பெருக்கி 17.78 ஐக் கழியுங்கள். 20 மி.மீ. ஆழத்தில் உள்ள வெப்பநிலை செல்சியஸில் கிடைக்கும். அகலாங்கு 7 பாகை எனக் கொண்டு, மேலே 22 பாகை வளி வெப்பநிலையும் கீழே 33 பாகையும் என்று எடுத்துக்காட்டாக இட்டால், தளம் மேலே சுமார் 44.7 பாகையாகவும் கீழே சுமார் 55.2 பாகையாகவும் வரும். இந்தத் தொடர்பு வட அமெரிக்கத் தரவுகளில் பிறந்தது. எனவே வெயில் நாளொன்றில் தளத்தில் 20 மி.மீ. ஆழமாகச் சிறு துளையிட்டு, சில துளி எண்ணெய் விட்டு, வெப்பமானியைச் செருகி, காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை மணிக்கு ஒரு தடவை அளந்து ஒப்பிடுங்கள். பைன் மரங்களின் நிழலில் உள்ள வளைவும் தேயிலைச் சரிவின் நடுவே வெயில் விழும் வளைவும் அடுத்தடுத்து இருந்தாலும் ஒன்றாகச் சூடேறுவதில்லை. இரண்டிலும் அளக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு, மேலே குளிர் என்பதால் பள்ளம் வராது என்று முடிவெடுத்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். அஸ்பால்ட், பாரம் அதன் மேல் நிற்கும் நேரத்தையும் உணரும் பொருள். சக்கரத்தின் அழுத்தம் தளத்தில் 0.3 மீற்றர் நீளத்துக்குப் பரவுவதாகக் கொண்டால், மணிக்கு 60 கிலோமீற்றரில் ஓடும் லொறி ஒரு புள்ளியை 0.018 செக்கனில் கடந்துவிடும். அதே லொறி சீமெந்து ஏற்றிக்கொண்டு முதலாம் கியரில் மணிக்கு 10 கிலோமீற்றரில் ஊர்ந்தால் 0.108 செக்கன் ஆகும். ஆறு மடங்கு நேரம் பாரத்தைத் தாங்கும்போது, பிசுக்குமையுள்ள பொருள் அதற்கேற்ப அதிகமாக வழியும்.

இறங்கும் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். அரிசி, உரம், சீமெந்து ஆகியவை மலையேறுகின்றன; மரக்கறியும் தேயிலையும் இறங்குகின்றன. இரண்டு பக்கமும் பாரம் உண்டு, ஆனால் இறங்கும் லொறி பிரேக் பிடித்தபடி வருவதால் தளத்தின் மேற்பரப்பில் கிடைத் தகைப்பும் சேர்கிறது. வளைவுக்குச் சற்று முன்னர் கலவை அலை அலையாகத் தள்ளப்பட்டிருப்பது இதனால்தான். வாகன எண்ணிக்கையை ஏறும் பக்கம், இறங்கும் பக்கம் என்று பிரித்து எடுங்கள். லொறிகளின் வேகத்தை, 50 மீற்றர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போட்டு நிறுத்தற் கடிகாரத்தால் அளந்தாலே போதும். வெவ்வேறு வாகனங்களின் பாரத்தை ஒரே அளவில் எண்ணுவதற்கு, 80 கிலோநியூட்டன் நியம அச்சுகளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

4. சோதனைத் துண்டுகள்: அளவும் செலவும்

வீதியிலிருந்து எடுத்த கோர்களை வைத்தே எல்லாச் சோதனைகளையும் செய்துவிடலாம் என்று எண்ணி, 100 மி.மீ. விட்டத்தில் 20 கோர்கள் எடுத்தேன். மேலே உள்ள தேய்மானப் படையின் தடிப்பு 50 மி.மீ. மட்டுமே. பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கும் மீள்பாரச் சோதனைக்கோ 100 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. உயரமும் உள்ள உருளை வேண்டும். அந்த 20 கோர்களும் அடர்த்தி அளப்பதற்கு மட்டுமே உதவின. துண்டின் மேல் சக்கரத்தை ஓட்டிப் பார்க்கும் சக்கரத் தடச் சோதனைக்கு 150 மி.மீ. விட்டமுள்ள கோர்களைச் சோடியாகப் பயன்படுத்த முடியும். ஆகவே துளைப்பு இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கும்போதே 150 மி.மீ. துளைக்கும் அலகைக் கேளுங்கள்.

உருளைகளை ஆய்வகத்தில், கலவையை அச்சுக்குள் சுழற்றி அழுத்தும் சுழற்சி இறுக்கியில் செய்ய வேண்டும். 150 மி.மீ. விட்டத்தில் சுமார் 175 மி.மீ. உயரத்துக்கு இறுக்கி, நடுவிலிருந்து 100 மி.மீ. உருளையைத் துளைத்தெடுத்து, இரு முனைகளையும் அறுத்து 150 மி.மீ. ஆக்க வேண்டும். துளைத்து அறுத்த பிறகு வளி வெற்றிடம் 7 சதவீதத்துக்கு அரை சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதற்கு அப்பால் உள்ளதை ஒதுக்குங்கள். இறுக்குவதற்கு முன் கலவையைத் தட்டில் பரப்பி, 135 பாகையில் 4 மணித்தியாலம் அடுப்பில் வைப்பதை மறந்தால், துண்டு உண்மையை விட மென்மையாக இருக்கும். பள்ளமும் கூடுதலாகவே வரும்.

ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 7 கிலோகிராம் கலவை செல்கிறது. மூன்று வெப்பநிலை, இரண்டு தகைப்பு, ஒவ்வொன்றுக்கும் மூன்று துண்டு என்றால் 18. வெற்றிடம் பொருந்தாமல் கழிபவற்றையும் சேர்த்து 24 துண்டுகளுக்குத் திட்டமிடுங்கள். அதற்கு 170 கிலோகிராம் கலவை, அதாவது 5 சதவீதம் எனக் கொண்டால் 8 முதல் 9 கிலோகிராம் பிற்றுமின் வேண்டும். கல்லை ஒரே நாளில், ஒரே குவியலிலிருந்து, 200 கிலோகிராமுக்குக் குறையாமல் எடுத்து வையுங்கள். பாதி வேலையில் கல் முடிந்து, அடுத்த மாதம் குவாரியில் மீண்டும் எடுத்தால் தரப்படுத்தல் மாறிவிடும். இரண்டு தொகுதிப் பெறுபேறுகளையும் சேர்க்க முடியாது.

செலவைப் பொறுத்தவரை, ஆய்வகத்தின் விலைமனுவில் சோதனைக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். துளைத்தல், முனை அறுத்தல், வெற்றிடம் அளத்தல் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணமா, வரி சேர்ந்ததா, இயந்திரக் கோளாறினால் பாதியில் நின்ற சோதனைக்கும் பணம் கட்ட வேண்டுமா, கழிவை அகற்றுவது யார் என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். எனக்குச் சோதனைக் கட்டணத்தை விட, கல்லை லொறியில் கொண்டு போனதற்கும் துண்டுகளைத் துளைத்ததற்கும் அதிகமாகச் செலவானது.

துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. யன்னலோரத்தில் வைக்கவும் கூடாது. இரண்டு வாரம் வெயில் பட்ட நான்கு துண்டுகள், சோதனைக்கு முன்பே தமது பாரத்தில் 2 மி.மீ. இறங்கியிருந்தன.

5. சோதனையைத் தேர்ந்தெடுங்கள்

மாதிரியுருவுக்கு மாறிலிகள் வேண்டுமானால் மீள்பாரச் சோதனையே அடிப்படை. அமெரிக்க வீதி நியமங்களை வெளியிடும் ஆஷ்டோ அமைப்பின் டி 378 முறையில் 0.1 செக்கன் பாரம், 0.9 செக்கன் ஓய்வு என்று ஒரு செக்கனுக்கு ஒரு சுழற்சி. 10,000 சுழற்சிகளுக்கு 2 மணி 47 நிமிடம் ஆகும். வெப்பநிலை சீராவதற்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஒரு நாளில் இரண்டு துண்டுகளே முடியும். மேலே நாம் கணித்த 0.108 செக்கனும் இந்தச் சோதனையின் 0.1 செக்கனும் ஏறத்தாழ ஒன்று என்பதைக் கவனியுங்கள். மலையேறும் லொறிக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்துகிறது; சமவெளியில் வேகமாக ஓடும் வாகனத்துக்குத்தான் திருத்தம் தேவைப்படும்.

துண்டின் இரு முனைகளிலும் சிலிக்கோன் கிரீஸ் பூசிய இறப்பர்த் தாள்களை இரட்டையாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முனைகள் பிடிபட்டு, துண்டு நடுவில் பீப்பாய் போல வீங்கும். அளந்த விகாரம், அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட இறக்கம், பொருளுடையதாக இராது.

சக்கரத் தடச் சோதனை கலவைகளை ஒப்பிடுவதற்கு மிகவும் பயனுள்ளது. ஹம்பேர்க் முறையில் நீருக்குள் 705 நியூட்டன் பாரமுள்ள உருக்குச் சக்கரம் நிமிடத்துக்கு 52 தடவை ஓடும். 20,000 ஓட்டங்களுக்கு ஏறக்குறைய ஆறரை மணித்தியாலம். நீரினால் பிரியும் கட்டத்தையும் அது காட்டும் என்பதால், ஈரமான எங்கள் பகுதிக்கு இதை நான் வலியுறுத்திச் சொல்வேன். ஆனால் அதில் வரும் மி.மீ. அளவை வீதியில் வரும் மி.மீ. என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மார்ஷல் உறுதி எண்ணை வைத்துத் தடப்பள்ளத்தைக் கணிக்கவும் முடியாது. அது 60 பாகையில் ஒரே தடவை நசுக்கிப் பெறும் எண்.

வசதி இருந்தால் பிற்றுமினையும் தனியே சோதியுங்கள். எம்.எஸ்.சி.ஆர். என்னும் சோதனை, 1 செக்கன் இழுத்து 9 செக்கன் விட்டு, மீளாமல் எஞ்சும் இணக்கத்தை, அதாவது கொடுத்த தகைப்புக்கு எவ்வளவு விகாரம் எஞ்சுகிறது என்பதை, அளக்கிறது. அதை 64 பாகையில் மட்டும் செய்துவிட்டு நிறுத்தாமல், உங்கள் தளத்தின் வெப்பநிலையிலும் செய்யச் சொல்லுங்கள். மேலதிகமாக ஒரு மணித்தியாலமே ஆகும்.

6. வளைகோட்டைப் பொருத்துங்கள்

சுழற்சி கூடக் கூட நிரந்தர விகாரம் மூன்று கட்டங்களாக வளரும்: முதலில் வேகமாக, பிறகு சீராக, கடைசியில் மறுபடியும் வேகமாக. மூன்றாம் கட்டம் தொடங்கும் சுழற்சியே வழிவெண் எனப்படும். இரண்டாம் கட்டம் வரைக்கும் அடுக்கு விதி போதும்: விகாரம் = க × (சுழற்சி எண்ணிக்கை)^ச. எடுத்துக்காட்டாக, 100 சுழற்சியில் 0.4 சதவீதமும் 1,000 சுழற்சியில் 0.8 சதவீதமும் வந்தால், மடக்கை அச்சுகளில் படித்திறனாகிய ச 0.301, க 0.1 சதவீதம். இதை நீட்டினால் 10,000 சுழற்சியில் 1.6 சதவீதம் வரும். அந்தத் துண்டு 4,000 இலேயே மூன்றாம் கட்டத்துக்குள் நுழைந்திருந்தால் இந்த 1.6 பொய்யான ஆறுதல். அந்நிலையில், அடுக்கு விதியோடு அடுக்குக்குறி உறுப்பொன்றைக் கூட்டும் ஃபிராங்கன் சமன்பாட்டைப் பொருத்துங்கள். எக்செல்லின் சொல்வரே போதும்.

இரண்டு பொறிகள் இங்கே உள்ளன. முதற் சில டசின் சுழற்சிகளில் துண்டும் தட்டும் ஒன்றோடொன்று படிவதால் ஏற்படும் அசைவும் பதிவாகிறது. 100 க்குக் கீழே உள்ள புள்ளிகளைப் பொருத்தத்தில் சேர்க்காதீர்கள். அடுத்து, இயந்திரம் ஒவ்வொரு சுழற்சியையும் பதிவதால், மடக்கை அச்சில் பெரும்பாலான புள்ளிகள் வலது ஓரத்தில் குவிந்துவிடும். கோடு அந்த ஓரத்துக்கே வளைந்து கொடுக்கும். மடக்கையில் சம இடைவெளியாக 30 அல்லது 40 புள்ளிகளைத் தெரிந்தெடுத்துப் பொருத்துங்கள்.

7. ஆய்வகத்திலிருந்து வீதிக்கு

அமெரிக்காவின் பொறிமுறை அனுபவ வடிவமைப்பு முறையின் 2008 கையேடு, நிரந்தர விகாரத்துக்கும் மீள் விகாரத்துக்கும் (பாரம் நீங்கியதும் மீண்டுவிடும் விகாரம்) உள்ள விகிதத்தை இப்படித் தந்தது: 10^−3.35412 × வெப்பநிலை^1.5606 × பார எண்ணிக்கை^0.4791, இதை, ஆழத்துக்கேற்ப மாறும் ஆழக் காரணியாலும் பெருக்க வேண்டும். அஸ்பால்ட் படையை மெல்லிய உபபடைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் மீள் விகாரத்தைக் கணித்து, நிரந்தர விகாரத்தை உபபடையின் தடிப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் பள்ளத்தின் ஆழம் வரும். மீள் விகாரத்துக்கு, நெவாடா ரீனோ பல்கலைக்கழகத்தின் த்ரீ டி மூவ் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. அசையும் பாரத்தையும் வேகத்தையும் அதில் கொடுக்க முடியும்.

இந்தச் சமன்பாட்டில் வெப்பநிலை பரனைட்டில் இருக்க வேண்டும். ஆழக் காரணிக்கு ஆழமும் தடிப்பும் அங்குலத்தில் இருக்க வேண்டும். நாங்கள் செல்சியஸிலும் மில்லிமீற்றரிலும் படித்தவர்கள். ஆழக் காரணியை 1 எனவும், மீள் விகாரத்தை 0.0003 எனவும், தடிப்பை 50 மி.மீ. எனவும், பாரத்தை 1,00,000 எனவும் கொண்டு, 50 பாகை செல்சியஸை 122 பரனைட் ஆக்கிக் கணித்துப் பாருங்கள்: ஏறத்தாழ 3 மி.மீ. வரும். 50 ஐ அப்படியே இட்டால் 0.74 மி.மீ. வரும். நான்கில் ஒரு பங்கு! நான் மூன்று மாதங்கள் இந்த 0.74 ஐ நம்பி, கலவை மிகவும் நல்லது என்று அறிக்கையின் முதல் வரைவையும் எழுதிவிட்டேன். பெறுபேறு பார்வைக்கு நியாயமாகவே இருந்ததால் பிழை தெரியவில்லை; வீதியில் நேர்க்கோல் வைத்து அளந்த எண்ணோடு ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

வருடத்தின் வெவ்வேறு காலங்களின் பள்ளங்களைத் தனித்தனியே கணித்து அப்படியே கூட்டவும் கூடாது. ஏற்கெனவே இறுகிய கலவையில் அடுத்த பாரம் குறைவாகவே இறக்கும். அதுவரை சேர்ந்த விகாரத்தைப் புதிய வெப்பநிலையில் உண்டாக்க எத்தனை பாரங்கள் தேவைப்பட்டிருக்கும் என்று பின்னோக்கிக் கணித்து, அந்த எண்ணிலிருந்து தொடருங்கள்.

8. முடிவுறு மூலக முறை வேண்டுமா?

தளத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணிக்கும் முறை இது. கிடைத் தகைப்பையும் ஓரத்து வரம்பையும் காட்ட வேண்டுமானால் வேண்டும். இல்லாவிட்டால் ஏழாம் படியோடு நிற்கலாம். அபாகஸ் மென்பொருளில் ஊர்வு விதியை (பாரத்தின் கீழ் பொருள் காலத்தோடு மெல்ல வழிவதைத் தரும் விதி) பயன்படுத்துவோர், ஆயிரக்கணக்கான பாரங்களை ஒவ்வொன்றாக ஓட்டாமல் மொத்த நேரமாகத் திரட்டிக் கொடுப்பது வழக்கம்: 50,000 பாரங்கள், ஒவ்வொன்றும் 0.108 செக்கன் என்றால் 5,400 செக்கன். விதியில் உள்ள முதல் மாறிலியின் அலகு, தகைப்பின் அலகோடும் நேரத்தின் அலகோடும் சேர்ந்து மாறும் என்பதை நினைவில் வையுங்கள். பஸ்காலில் கொடுத்தால் அது கணினி கையாள முடியாத அளவுக்குச் சிறிதாகிவிடலாம், மெகாபஸ்காலில் கொடுங்கள். உரிமம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்தால் நேரத்தை முன்பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால், அதே வகை உள்ளீட்டுக் கோப்பைப் பெரும்பாலும் ஏற்கும் கல்குலிக்ஸ் இலவசமாக உண்டு. மலைவீதி ஒடுக்கமானது என்பதால் சக்கரங்கள் பக்கவாட்டில் அதிகம் விலகுவதில்லை. அகன்ற வீதிகளுக்கென்று எழுதப்பட்ட விலகல் திருத்தத்தை அப்படியே எடுத்து இட்டால் பள்ளம் குறைவாகத் தெரியும்.

9. அளவுதிருத்தமும் கால அட்டவணையும்

மேலே சொன்ன உலகளாவிய மாறிலிகள் வட அமெரிக்க வீதிகளின் தரவில் திருத்தப்பட்டவை. உங்கள் நேர்க்கோல் அளவீடுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியால் மாறிலிகளைத் திருத்துங்கள். மற்றப் பகுதியைத் தொடாமல் வைத்து, கணிப்பைச் சோதியுங்கள். ஏறும் பக்கத்துக்கும் இறங்கும் பக்கத்துக்கும் ஒரே திருத்தக் காரணி பொருந்தாவிட்டால், அதை மறைக்காமல் இரண்டு காரணிகளாகவே எழுதுங்கள். படிப்பவருக்கு அதுதான் மிகவும் பயன்படும்.

டிசம்பரில் கடிதம், பெப்ரவரியில் அளவீடும் கோரும், மார்ச்சில் கல்லும் பிற்றுமினும், ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு முன்னர் துண்டுகள், மே முதல் இரண்டு மாதங்கள் சோதனை, யூலையில் பொருத்தமும் கணிப்பும் என்று வைத்துக்கொண்டால், ஓகஸ்டில் வரைவு கையில் இருக்கும். ஏப்ரல் விடுமுறையில் ஆய்வகமும் குவாரியும் சேர்ந்தே நின்றுவிடும் என்பதால் அந்த இரண்டு வாரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அளவீடு எடுத்த இடங்களை வீதியில் பெயின்ற் கோட்டினால் மட்டும் குறிக்க வேண்டாம். ஒரு பருவமழையில் அது அழிந்துவிடும். வடிகாலின் கொங்கிறீற் ஓரத்தில் ஆணி அடித்து, அண்மிய கிலோமீற்றர் கல்லிலிருந்து தூரத்தை நாடாவால் அளந்து குறிப்பேட்டில் எழுதுங்கள். ஒரு வருடம் கழித்து, அதே மாதத்தில், அதே ஆணிகளிலிருந்து நேர்க்கோலை மறுபடியும் வைத்து அளக்க வேண்டியிருக்கும்.